பேக்கரிக் கன்னடம்

ஓசூரில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி இருக்கிறது. பேக்கரி என்றால் கன்னடக்காரர்தான் நடத்துவார் என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் முதல் நாளே எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் தேங்காய் பன் கேட்டேன். கடைக்காரரும் கன்னடத்திலேயே பதில் சொன்னார். வருஷக்கணக்கில் அப்படியே பேசிப் பழகிவிட்டோம். அவர் கன்னடம் கொஞ்சம் கோணலாக இருக்கும். மைசூர்ப் பக்கம் அப்படித்தான் போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

போன மாதம் சூடான தட்டு அவர் கையில் பட்டுவிட்டது. "ஐயோ அம்மா, சுட்டுருச்சே!" என்று கத்தினார்.

"தமிழாண்ணா நீங்க?" என்றேன்.

"பர்கூர் சார். நீங்க?"

"கிருஷ்ணகிரி."

கையை உதறிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க கன்னடத்தக் கேட்டு ஹூப்ளிக்காரர்னு நெனச்சேன் சார்!" கை சுட்டது அவருக்கு, எரிச்சல் எனக்கு. இத்தனை வருஷமாக, இல்லாத ஒரு கன்னடக்காரருக்கு இரண்டு பேரும் மரியாதை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாள் போனதும், "வாங்க சார், என்ன வேணும்?" என்றார். நல்ல தமிழ்தான். ஆனால் யாரோ புது ஆளிடம் கேட்பதுபோல இருந்தது. எனக்கும் தமிழில் பேச வாய் வரவில்லை. இந்த மனுஷனுக்கு நம்மேல் என்ன கோபமோ என்று மனசு கேட்காமல், அவரிடமே கேட்டுவிட்டேன், கன்னடத்தில்.