காலி வீட்டில் பேய்

அவர் பெயரை நான் கேட்கவே இல்லை. பினாங்கில், ஜெலுத்தோங்கில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது சாவியோடு வந்த காவலாளி அக்கா, அவ்வளவுதான். நீலச் சீருடை, நெற்றி நிறைய திருநீறு, கையில் ஏதோ தொடர் ஓடிக்கொண்டிருந்த கைப்பேசி.

மின்தூக்கியில் அதை எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டேன். பள்ளி நூலகத்தில் நான் விழுந்து விழுந்து படித்த துப்பறியும் பெண், இந்தப் புதுத் தொடரில் நிஜப் பேயையே விசாரித்துக்கொண்டிருந்தாள்!

“அக்கா, புத்தகத்துல பேயே கிடையாது. கடைசியில ஒரு மனுசன்தான் மாட்டுவான். எனக்குப் பயம் போனதே அதைப் படிச்சுத்தான்.”

“மனுசன மாட்டிவிடுவாளா? அதுக்குப் பேயே பரவால்ல லா தம்பி.”

வீட்டுக் கதவை மூன்று முறை தட்டி, சற்று நின்றே திறந்தார். பேய் இருந்தால் விலகட்டும் என்று, காலி வீட்டுக்குள் நுழையுமுன் தட்டுவது இங்கே வழக்கம்தான். ஆனால் அடுப்பில் சோற்றுப்பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மூடிய அறைக்குள் ஒரு குழந்தை இருமியது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

“வாடகை கட்டலன்னு வீட்டுக்காரரு தொரத்திட்டாரு. ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு எங்க போகும்? பார்க்க வர்றவங்ககிட்ட எல்லாம் பேய்னு சொல்லித்தான் அனுப்புறேன்,” என்றார் அக்கா, என் முகத்தையே பார்த்தபடி.

மாலையில் வீட்டுக்காரர் அழைத்தார். “வீடு எப்படி தம்பி?”

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான்; பேயை நம்பாதவனும் நான்தான்.

“பேய் இருக்குண்ணே,” என்றேன்.