கொத்துரொட்டி அழுகை

என் அத்தான் மரியநேசன் அழுதால் அதை நம்பலாமா என்ற ஒரே கேள்வியோடு நான் கிட்டத்தட்ட ஒரு வருடம் அலைந்தேன். ஆட்கள் என்னை விசரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் ஊரைவிட்டு இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்து, கோலியர்ஸ் வுட் பக்கம் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் செக்கியூரிற்றி வேலை செய்கிறவள். இறைச்சிப் பைக்கற்றைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, எனக்கே "குட் மோர்னிங் டார்லிங்" சொல்லிவிட்டுப் போகிற சனத்தைத் தினமும் பார்க்கிறேன். முகத்தை நம்புகிற பழக்கம் எனக்கில்லை. கையைப் பார்ப்பேன், கமராவைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் எதையும் நம்புவேன்.

அத்தானோ நடிகர். அதுவும் வாயே திறக்காத நடிகர். அவரை என் அக்கா கிளறிற்றா கட்டிய நாளிலிருந்தே எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகக் கண் இருந்தது.

பகலில் அவர் பெற்றோல் ஷெட்டில் கல்லாவில் நிற்பார். நடிப்பு தொடங்கியது பக்கத்து ஊரான ரூட்டிங்கில், எங்கள் கோயில் மண்டபத்தில் நடந்த ஒரு கிறிஸ்மஸ் ஒளிவிழாவில். சூசையும் மரியாளும் வந்து கதவைத் தட்டும்போது "இடமில்லை" என்று சொல்கிற சத்திரக்காரன் வேடம். ஒரே ஒரு வசனம். ஆனால் அத்தானுக்குக் கடவுள் கொடுத்தது கீச்சுக் குரல். ஒத்திகையில் அவர் வாயைத் திறந்ததுமே மரியாளாக நின்ற பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. விழா அன்று மனிசன் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். தலையாட்டினார், சாவிக் கொத்தைக் காட்டினார், கடைசியில் தன் படுக்கையையே சுருட்டி எடுத்துக் காட்டி, அதிலும் இன்னொருவர் படுத்திருப்பதுபோலப் பயந்து ஓடினார். மண்டபம் அதிர்ந்தது. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அன்றிலிருந்து அத்தான் மேடையில் பேசியதே இல்லை.

பிறகு யூடியூப். 'பேசாமாமா' என்று பெயர். கறுப்பு வெள்ளைப் படம், சத்தமே கிடையாது. கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சூப்பர்மார்க்கெட்டில் நாமே பில் போடுகிற மெஷினில் முருங்கைக்காயை எந்தப் பக்கமாகக் காட்டுவது என்று தெரியாமல் அதோடு வாள்சண்டை போடுவார். கவுன்சில் குப்பைத் தொட்டிக்குள் திறப்புக் கொத்தைப் போட்டுவிட்டுத் தலைகீழாகத் தொங்குவார். போனைப் பிடித்துப் படம் எடுத்ததெல்லாம் அக்காதான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. விடுமுறை நாளென்றால் புருசனும் பெண்சாதியும் தெருத்தெருவாகத் திரிந்து படம் எடுப்பார்கள். பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கள் சொந்தக்காரர் அதைப் பார்க்காமல் சோறு தின்ன மாட்டார்கள்.

பேசாமல் இருக்கிற மனிசனை எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? ஊரில் ஆரையோ காட்டிக் கொடுத்தவராம், குரலைக் கேட்டால் அடையாளம் பிடித்துவிடுவார்களாம் என்று ஒரு கதை. ஊமை என்று பொய் சொல்லி அரசாங்கத்திடம் பெனிபிட் காசு எடுக்கிறாராம், அதனால்தான் வாயைத் திறக்கிறாரில்லையாம் என்று இன்னொரு கதை. இதெல்லாம் விசர்க் கதை என்று எனக்குத் தெரியும். என் சந்தேகம் வேறு. எந்த நேரமும் நடிக்கிற ஒருவர், அக்காவோடு மட்டும் நடிக்காமலா இருப்பார்?

அக்காவுக்குத் திடீரென்று மூளையில் இரத்தம் கசிந்தது. ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். பிறகு போய்விட்டாள். அந்தக் கிழமை முழுவதும் அத்தான் பித்துப் பிடித்தவர்போல இருந்தபடியால் எல்லா அலுவலையும் நான்தான் பார்த்தேன். கல்லறை நிலத்தைக்கூட என் பெயரில்தான் எடுத்தேன்.

கோயிலில் பெட்டியை வைத்தாயிற்று. வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்க்க லைவ் போய்க்கொண்டிருந்தது. அத்தான் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முதலில் உதட்டுக்குக் கீழே நாடி நடுங்கியது. பிறகு இடது தோள் மட்டும் காதுவரை ஏறியது. பிறகு லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, எடுத்துக் கண்ணில் ஒற்றி, நனைந்த சீலையைப் பிழிவதுபோல அதைப் பிழிந்தார்.

இந்த அழுகையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்!

பேசாமாமாவின் கொத்துரொட்டிப் படம். ரூட்டிங்கில் கொத்துரொட்டிப் பார்சல் வாங்கிக்கொண்டு பஸ்ஸின் மேல்தட்டில் ஏறுவார். பஸ் பிரேக் போடும். பார்சல் வழுக்கிக்கொண்டு போய்ப் படிப்படியாக இறங்கிக் கதவு திறந்ததும் தெருவில் கொட்டும். பஸ் தரிப்பில் நின்று அழுவார். நாடி, இடது தோள், லேஞ்சிப் பிழிசல். ஒரு சொட்டுப் பிசகாமல் அதே அழுகை. பெட்டிக்குப் பக்கத்தில் அதை அழுது முடித்துவிட்டு மனிசன் தலையை நிமிர்த்தி நேராக லைவ் கமராவைப் பார்த்தார். சரியாகச் சொன்னால் கமராவுக்குக் கொஞ்சம் மேலே. தன்னை எடுக்கிறார்களா என்று பார்க்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்திலேயே லேஞ்சியைப் பறித்து எறிந்திருப்பேன். ஃபாதர் நின்றபடியால் விட்டேன்.

அன்றைக்கே ரொறன்ரோவிலிருந்து மேரிசாந்தி மாமி போன் எடுத்தா. "ஐயோ பெனிற்றா, மரியநேசன் அழுததைப் பாத்து எங்களுக்குச் சாப்பிட ஏலாமப் போச்சு."

"அது அழுகை இல்லை மாமி, பம்மாத்து" என்றேன். மாமி போனை வைத்துவிட்டா.

நான் சொன்னது சரி என்பதுபோல மூன்று மாதத்தில் இன்னொன்று நடந்தது. ஹரோவில் ரஞ்சனா என்று ஒரு சென்னைப் பிள்ளை இருக்கிறாள், வெள்ளைக்காரரின் ரிவிக்கு நாடகம் எடுக்கிறவள். அவளுடைய தாய் அக்காவோடு வேலை செய்தவ. அந்த வழியில் லைவைப் பார்த்திருக்கிறாள். பெண்சாதியை இழந்த ஒரு தகப்பன் வேடம் இருக்கிறது, நடிக்கிறீர்களா என்று அத்தானைக் கேட்டாளாம். அவரும் ஓம் என்றுவிட்டார். வசனம் பேசுகிற வேடம்! அக்கா உயிரோடு இருக்கும்வரை ஒரு வசனம் பேசாத மனிசன்.

அட கோதாரி, செத்தவீட்டையே ஓடிஷன் ஆக்கிவிட்டாரே! அக்காவின் பெட்டியை மேடையாக்கியவரை நான் சும்மா விடுவேனோ?

என் கையில் ஒரு பிடி இருந்தது. மண் இறுகக் காலமாகும் என்பதால் கல்லறைக்குக் கல் வைப்பது ஆண்டுப் பூசையோடுதான். நிலம் என் பெயரில். நான் சம்மதிக்காமல் அந்தக் கல்லில் ஒரு எழுத்தும் ஏறாது. 'அன்பு மகள்', 'அன்பு அக்கா' என்பதற்குத் தடையில்லை. 'மரியநேசனின் அன்பு மனைவி' என்பதைத்தான் நான் நிறுத்தி வைத்திருந்தேன். அத்தானுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியில் வரும்போது அந்தக் கீச்சுக் குரலில் கேட்டார்.

"பெனி, கல்லில என்ர பேரும் வருமெல்லோ?"

"பாப்பம்" என்றேன்.

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகத்தைத்தான் கூட்டியது. நியாயம் உள்ளவன் சண்டைக்கு வரமாட்டானா?

கல் வெட்டுகிறவன் அவசரப்படுத்தத் தொடங்கியபோது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கொத்துரொட்டிப் படத்தையும் செத்தவீட்டு லைவையும் போனில் எடுத்து வைத்துக்கொண்டேன். பார்க்கிங் என்ற இடத்தில் ஒரு வீட்டில் படப்பிடிப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டுப் போனேன். கையும் களவுமாகப் பிடித்து, மூஞ்சிக்கு நேரே கேட்டுவிட வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு சின்ன அறைக்குள் அத்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பொம்பிளையின் சுவெற்றர். கமராவும் லைற்றும் அவரைச் சுற்றி நின்றன. அவர் அழவில்லை. நாடி ஆடவில்லை, தோள் ஏறவில்லை. சுவெற்றரின் பொத்தானைப் பூட்டினார், கழற்றினார், திரும்பவும் பூட்டினார். பிறகு தலையை நிமிர்த்திக் கமராவுக்கு மேலே பார்த்தார்.

"கட்! சார், ரொம்ப நல்லா வருது" என்றாள் ரஞ்சனா. "ஆனா கேமராவுக்கு மேல பாக்காதீங்க சார். காலையில இருந்து சொல்றேன். அங்க யாரும் இல்ல."

"தெரியும் பிள்ளை" என்றார் அத்தான். "பழக்கம். மன்னிக்கோணும்."

திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் அதே இடத்தைப் பார்த்தார். ரஞ்சனா பெருமூச்சு விட்டுவிட்டு எல்லாரையும் தேத்தண்ணி குடிக்கச் சொன்னாள்.

அத்தான் கப்பைக் கொண்டு பின்வளவுக்கு வந்தார். நான் விடவில்லை. போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி இரண்டையும் போட்டுக் காட்டினேன், முதலில் பஸ் தரிப்பு, பிறகு பெட்டி.

"இதென்ன சுத்துமாத்து அத்தான்? அக்கான்ர பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு கொத்துரொட்டி அழுகை அழுதிருக்கிறியள். என்ர அக்கா உங்களுக்கு ஒரு கொத்துரொட்டிப் பார்சலோ?"

மறுப்பார் என்று நினைத்தேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கப்பை மதிலில் வைத்துவிட்டுப் போனை வாங்கி, கொத்துரொட்டிப் படத்தைத் திரும்பவும் போட்டார்.

"என்னைப் பாக்காதையும் பெனி. எனக்குப் பின்னால நிக்கிற கம்பத்தைப் பாரும்."

பார்த்தேன். நாடி நடுங்கும்போது பஸ் தரிப்புக் கம்பம் நேராக நின்றது. தோள் ஏறும்போது மெல்ல அசைந்தது. லேஞ்சியைப் பிழியும்போது கம்பம், கடை, தெரு எல்லாம் மேலும் கீழும் குதித்தன.

"கம்பம் ஆடுமோ?" என்று கேட்டார். "உங்கட அக்கா சிரிக்கிறா."

அந்தப் படத்தை நான் எத்தனை தரம் திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பேன்! ஒவ்வொரு தரமும் அவருடைய கையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"மற்றப் படங்களுக்கு எப்பிடியோ அடக்கிப்போடுவா. இந்த அழுகைக்கு மட்டும் ஏலாது. திருப்பித் திருப்பி எடுத்தம், ஒவ்வொரு முறையும் ஆடிச்சுது. பிறகு அப்பிடியே விட்டிட்டம். வீட்டில என்னோட கோபமெண்டாலும் இதைத்தான் செய்வன், சிரிச்சுப்போடுவா. ஆஸ்பத்திரியில கண் திறக்காமக் கிடக்கேக்க, நீங்கள் எல்லாரும் போனாப்பிறகு கட்டிலடியில நிண்டு இதைத்தான் செய்தனான். நேர்ஸ்மார் என்ன நினைச்சினமோ. பெட்டிக்குப் பக்கத்திலயும் கடைசியா ஒருக்காச் செய்து பாத்தன்."

"பிறகேன் அந்த லைவ் கமராவைப் பாத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் செய்து முடிஞ்சோடன அவவின்ர முகத்தைத்தான் பாக்கிறனான். ஆடுதோ எண்டு பாத்தன்." அவர் போனைத் திருப்பித் தந்தார். "அந்தக் கமரா மூண்டு கால் ஸ்ராண்டில நிண்டது பெனி. ஆடேல்லை."

உள்ளே கூப்பிட்டார்கள். அவர் போனார். நான் அந்த மதிலில் சாய்ந்து நின்று, ஆறிப்போன அவருடைய தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று கேட்டால் தெரியாது. அங்கே நின்றபடியே கல் வெட்டுகிறவனுக்குப் போன் எடுத்தேன்.

அந்த நாடகம் பிறகு ரிவியில் வந்தது. அவர் கமராவுக்கு மேலே பார்த்ததை ரஞ்சனா கடைசியில் வெட்டாமல் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அத்தானுக்கு வேடங்கள் வரத் தொடங்கின. மினிகாப் ட்ரைவர், மூலைக் கடைக்காரர், ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிற ஆரோ ஒருவரின் தகப்பன். எல்லாம் இரண்டு வசனம், மூன்று வசனம். வெள்ளைக்காரருக்கு அந்தக் கீச்சுக் குரல் நன்றாகப் பிடித்துவிட்டதாம். பெற்றோல் ஷெட்டில் இப்போது அரை ஷிப்ட்தான் செய்கிறார்.

அதற்கெல்லாம் முன்பே, ஆண்டுப் பூசை அன்று கல் வைத்தாயிற்று. 'மரியநேசனின் அன்பு மனைவி' என்று முதல் வரியிலேயே போடச் சொல்லியிருந்தேன். அத்தான் அதை விரலால் தடவிப் பார்த்தார். சனம் எல்லாம் மண்டபத்துக்குச் சாப்பிடப் போனபிறகு அவர் கோட்டுக்குள்ளிருந்து ஒரு பார்சலை எடுத்தார். மணத்திலேயே தெரிந்துவிட்டது, கொத்துரொட்டி.

"பெனி, ஒருக்காப் போனைப் பிடியும்."

"இஞ்சயோ? விசரோ அத்தான் உங்களுக்கு?"

"பிடியுமன்."

பிடித்தேன். பக்கத்துக் கல்லறைக்குப் பூக் கொண்டுவந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தான், அங்கே இல்லாத ஒரு பஸ்ஸுக்குள் தடுமாறி, இல்லாத படிகளில் பார்சலைத் துரத்தி, அதைப் புல்லில் கொட்டினார். நாடி நடுங்கியது. இடது தோள் காதுவரை ஏறியது. லேஞ்சியை எடுத்து முறுக்கிப் பிழிந்தார். போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கண் மறைத்துவிட்டது.

முடித்துவிட்டு அவர் தலையை நிமிர்த்தினார். போனுக்குக் கொஞ்சம் மேலே, என் முகத்தைப் பார்த்தார்.

"ஆடினதோ?"

"ஓம் அத்தான்" என்றேன். "நல்லா ஆடினது."

அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. உண்மையாகவே ஆடியதா என்று நான் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை.