பனியன் துணியில் ஒரு கொடி

கம்பை நிமிர்த்தியதும் கொடி சுருண்டுகொண்டது. எங்கள் கம்பெனி வாசலில் ஊர்வலத்துக்குக் கூடியிருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்க, அது மேலிருந்து கீழ்வரை குழாய் மாதிரி தொங்கியது. கையால் இழுத்தால் விரியும், விட்டால் மறுபடி சுருளும். விரித்துப் பிடித்தபோது துணி இழுபட்டு, அதில் அச்சடித்திருந்த துப்பாக்கி மாங்காய் பறிக்கும் தொரட்டி போல நீண்டது. நெய்த துணியில் தைத்திருந்தால் இந்த மானக்கேடு வந்திருக்காது. சோமனூரில் தறித்துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. பஸ் ஏறிப் போய் நாலு மீட்டர் வாங்கிவரலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திருப்பூர்க்காரனுக்குத் துணி என்றால் பனியன் துணிதான். வெட்டிய ஓரம் சுருளும் என்பது தினமும் எங்கள் கையில் படுகிற விஷயம். ஆனால் பனியனைத் தவிர எதையும் தைத்திராத எங்களுக்கு, அது கொடிக்கு ஆகாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

துணியை வெட்டியவர் எங்கள் கட்டிங் மாஸ்டர், பல்லடத்துப் பக்கத்து ஆள். துப்பாக்கியை அச்சடித்தவன் நான். அந்தக் கம்பெனியில் பிரிண்டிங் மேசை என் பொறுப்பில் இருந்தது. எண்பதுகளின் பின்பாதி அது. இலங்கையில் தமிழர்கள் சாகும் சேதி ஓயாமல் வந்துகொண்டிருந்தது. அங்கே ஆயுதம் தூக்கிய இயக்கங்களில் ஒன்றை மாஸ்டர் உயிராக நினைத்தார். டீக்கடையில் நாங்கள் இருவரும் மல்லுக்கு நிற்காத நாள் குறைவு. "அடிக்க வர்றவன் கையில துப்பாக்கி இருக்கறப்ப, அடி வாங்கறவன் கையில மட்டும் மனு இருக்கோணுமாங்க?" என்று கேட்பார். அதை நான் மறுத்ததில்லை. ஆயுதமே பாவம் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் அடி வாங்காத இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் என்பது என் எண்ணம். நான் கேட்டது வேறு. எடுத்த துப்பாக்கியை நாளைக்கு யார் கேள்வி கேட்பது? "அது செயிச்சப்பறம் பேசிக்கலாமுங்க" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பேச்சில் தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் மாஸ்டருக்கு உடனே வேலை ஞாபகம் வந்துவிடும்.

அந்த இயக்கத்தின் கொடியோடு ஊர்வலம் போகும் யோசனையும் அவருடையதுதான். எங்கள் கம்பெனியில் சிலோன் அக்கா என்று ஒருவர் இருந்தார். அகதியாக வந்தவர். தைத்து வரும் பனியன்களில் ஓட்டையும் பிசிறும் இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை அவருக்கு. இரண்டு பையன்களைப் பறிகொடுத்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படி என்று யாரும் கேட்டதில்லை. ராணுவம்தான் கொன்றிருக்கும் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். அக்காவை முன்னால் நடக்கவிட்டு, பின்னால் நாமெல்லாம் போனால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்றார் மாஸ்டர். வருகிறேன் என்று அக்காவும் தலையசைத்தார். பெருமாநல்லூர் ரோட்டுக் கம்பெனிகளிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள்.

சுருண்ட கொடியைக் கம்பிலிருந்து அவிழ்த்து, ஒரு ஓரத்தை மாஸ்டர் பிடித்துக்கொண்டார். மறு ஓரத்தைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அவருக்கு அதுவும் நல்லதுக்கே என்று பட்டிருக்க வேண்டும், முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, நீங்க வாங்க. உங்களைக் காட்டிலும் இதைப் புடிக்கறதுக்கு ஆருக்குங்க உரிமை இருக்குது?" என்று கூப்பிட்டார். இளைஞர்கள் கை தட்டினார்கள்.

அக்கா கிட்டே வந்தார். கொடியைத் தொடவில்லை. எனக்கும் மாஸ்டருக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "குறை நினையாதேங்கோ தம்பி. மூத்தவனை ஆமி சுட்டது. இளையவனைச் சுட்டது இந்தக் கொடிக்காரங்கள்தான். அவன் வேற இயக்கத்தில இருந்தவன். நான் உங்களோட நடந்து வாறன். இதை மட்டும் என்ர கையால விரிக்கச் சொல்லாதேங்கோ."

நான் மாஸ்டர் கையிலிருந்த கொடியைப் பார்த்தேன். நல்ல துணியாக இருந்திருந்தால் அது பாட்டுக்கு மேலே பறந்திருக்கும். அக்காவும் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு அதன் கீழே நடந்திருப்பார். நாங்களும் ஒரு தாய்க்கு ஆறுதல் சொன்ன திருப்தியோடு வீட்டுக்குப் போயிருப்போம்.

 மாஸ்டர் தன் ஓரத்தை விட்டார். கொடி சுருண்டது. கூட்டத்தைப் பார்த்து, "துணி தப்பாப் போச்சு கண்ணுகளா. வெட்டுனது நானு, என்ற தப்பு. இதைக் கொண்டுபோனா ஊரு சிரிக்கும். கொடி வேண்டாம், கறுப்புப் பேட்ஜு குத்திக்கிட்டுப் போலாம்" என்றார். தன் வெட்டில் அரை அங்குலம் பிசகு என்று முதலாளியே சொன்னாலும் சண்டைக்குப் போகிற மனிதர் அவர். ஒரு டெய்லர் பையன் விடவில்லை. "போலீசுக்குப் பயந்துட்டீங்களா மாஸ்டர்?" என்றான். "ஆமா கண்ணு, அப்பிடியே வெச்சுக்க" என்று சொல்லி, கொடியைக் கழிவுத் துணி மூட்டைக்குள் திணித்தார். அக்காவின் கதையை அவர் வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. அந்த ரகசியம் அக்காவுடையது, தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அதை எடுத்துச் செலவழிக்க முடியாது என்று நினைத்தார். அவர் மீது எனக்கிருந்த மரியாதை அந்த நிமிடத்தில் தொடங்கியது.

தொண்ணூறுகளில் காற்று திசை மாறியது. அந்தக் கொடியை வைத்திருந்தாலே வழக்கு வரும் என்ற நிலைமை வந்தது. முன்பு கை தட்டியவர்கள் சிலோன்காரர்களைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள். மாஸ்டர் இரண்டு காலத்திலும் ஒரே மாதிரி இருந்தார். துப்பாக்கி எடுத்தது தப்பு என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. அதே நேரத்தில், "செத்தவனோட அம்மாவக் கேக்காம அதைத் தூக்கிப் புடிக்கப்படாதுங்க" என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது ஆர்ப்பாட்டங்களுக்குப் போகும் இளைஞர்கள், இந்தக் கொடியைப் பிடிக்கலாமா, அந்தப் படத்தைத் தூக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதை வக்கீலிடம் கேளுங்கள் என்பேன். யாருடைய துக்கத்துக்காகத் தெருவில் இறங்குகிறீர்களோ, முதலில் அவர்கள் முகத்தைப் பாருங்கள். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

அன்று ஊர்வலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முடிந்தது. ஒரு மேசையைப் போட்டு, மைக் வைத்திருந்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி அக்காவை ஏற்றிவிட்டார்கள். அவர் உண்மையிலேயே இரண்டே வார்த்தைதான் பேசினார். முதலில் மூத்தவன் பெயரைச் சொன்னார். "வீரவணக்கம்!" என்று கூட்டம் முழங்கியது. கொஞ்சம் நிறுத்தி, இளையவன் பெயரைச் சொன்னார். கூட்டம் இன்னும் உரக்க முழங்கியது. மாஸ்டரைச் சீண்டிய அந்த டெய்லர் பையனும் கை உயர்த்திக் கத்தினான். முதல் பெயருக்கு வாய் திறக்காமல் என் பக்கத்தில் நின்றிருந்த மாஸ்டர், இரண்டாவது பெயருக்கு எல்லோரையும்விடச் சத்தமாக, குரல் உடையக் கத்தினார்.

அக்கா இறங்கி நேரே அவரிடம் வந்தார். "துரோகி எண்டு சொல்லிப்போட்டாங்கள் தம்பி. ஊரில அவன்ர பேரைச் சொல்லி அழக்கூட எங்களை விடேல்லை" என்றார். பிறகு ஹாரன் சத்தத்துக்கு நடுவே, நடுரோட்டில் உட்கார்ந்து, இளையவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். யாரும் அவரைத் தூக்கிவிடாதபடி மாஸ்டர் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றார்.