டாக்டர் வரும் சீன்

அந்தப் படத்தில் பாட்டே கிடையாது. முதல் நாளே மயிலாப்பூர் தியேட்டரில், "பாட்டு எங்கடா?" என்று கத்தினார்கள். கதாநாயகிக்குள் இரண்டு பேர். ஒருத்தி வாசலில் கோலம் போடுவாள், இன்னொருத்தி கொலை செய்வாள். அவள் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே பேசியபோது ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அக்காவும் அப்படித்தான் பேசுவாள்.

அக்கா அப்போதுதான் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். யாரையாவது பைத்தியம் என்று திட்டணும் என்றால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்கிற ஊர் இது. அவள் வாசல் பக்கமே வரமாட்டாள். மாத்திரையையும் தொடமாட்டாள்.

"எதுக்குடி? இது வந்தவாள்ல யாருக்காவது சரியாப் போயிருக்கா? ஒருத்தரைக் காட்டு" என்பாள்.

யாரைக் காட்டுவேன்? அந்தப் படத்தில் ஒருத்தி இருந்தாள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனபிறகு ஒரு டாக்டர் வருவார். இது வியாதி, பாவமில்லை என்று பொறுமையாகச் சொல்வார். குணமாகி வீடு திரும்பி, அவள் மறுபடி கோலம் போடுவாள். அவ்வளவுதான் சீன். நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

அக்காவிடம் சொன்னேன். "கண்ணால பாத்துட்டா மாத்திரை போட்டுக்கறேன்" என்றாள். அம்மா கோயிலில் கற்பகாம்பாளுக்கு வேண்டிக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் மேட்னிக்குப் போனோம். அக்கா தானே தலை பின்னிக்கொண்டாள். கண்ணாடி சீனில் மறுபடி சிரிப்பு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசிதான் முக்கியம், இரு" என்றேன்.

கைவிலங்கு மாட்டினார்கள். அடுத்த நொடி படம் முடிந்து திரையில் தேசியக்கொடி! டாக்டர் வரவேயில்லை. ஜன கண மன முடியும்வரை அக்கா திரையையே பார்த்தபடி நின்றாள். கொடியும் போய்விட்டது. அப்புறமும் நின்றாள்.

வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் சண்டைக்குப் போனேன்.

"இன்னாமா நீ! கொலகாரி யாருன்னு தெரிஞ்சப்புறம் எவன் குந்திக்கினு கீறான்? டாக்டரு வந்தாலே ஜனம் எழுந்து பூடுது. அத்த வெட்டியாச்சு."

பாவிகளா! பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தவர்களுக்காக அவளைக் குணமாக விடாமலே அனுப்பிவிட்டார்கள்.

ரிக்‌ஷாவில் வரும்போது, "தியேட்டர்காரா வெட்டிட்டாளாம்க்கா. அந்த சீன் நிஜமா இருக்கு, அம்மா மேல சத்தியம்" என்றேன்.

அக்கா என் கன்னத்தைத் தட்டினாள். "என்னைத் தேத்தறதுக்காக நீயே கதை கட்டினியா? நன்னாத்தான் கட்டியிருக்கே."

அதற்கப்புறம் அவள் ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை. மார்கழியில் மறுபடி கீழ்ப்பாக்கத்துக்கு அழைத்துப் போனோம். அங்கேயே கண்ணை மூடினாள்.

படம் பார்த்த எத்தனையோ பேரைக் கேட்டுவிட்டேன். கொலை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. டாக்டரா, அப்படி ஒரு சீனே கிடையாதே என்கிறார்கள்.