காத்தாடி ஸ்டாப்பு

ஆடிப்பெருக்கன்று நானும் என் வீட்டுக்காரியும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு மணப்பாறை பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். கண்டக்டர் "காத்தாடி, காத்தாடி" என்று கத்தினார். பஸ் நின்றது. நான் எழவில்லை.

"எறங்குங்க பெரியவரே."

"காத்தாடி வரலையே."

"இதுதாங்க காத்தாடி. ஆத்துல முங்குனதுல ஊரே மறந்துபோச்சா?"

பஸ்ஸில் சிரித்தார்கள். வெளியே பார்த்தேன். புளியமரம் இருந்தது. என் கொல்லை இருந்தது. கொல்லைக்கு மேலே ஒன்றும் இல்லை. வெறும் வானம்.

இறங்கினோம். கையிலிருந்த பையை எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

அந்தக் காத்தாடி அப்பா காலத்தில் வந்தது. சர்க்கார் ஆட்கள் எங்கள் கிணற்றடியில் நாலு கால் நட்டு நிறுத்தினார்கள். இரும்புக் கோபுரம். உச்சியில் தகர இறக்கைகள், பின்னால் ஒரு வால். காற்று அடித்தால் சுற்றும். சுற்றினால் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்து தொட்டியில் விழும். கரண்டு வேண்டாம். மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. மற்ற ஊர்களில் வைத்தவை துருப்பிடித்து விழுந்தன. எங்களுடையது ஓடியது. அப்பா ஏறி கிரீஸ் போடுவார். அவருக்குப் பிறகு நான். பம்பில் வாசர் தேய்ந்தால் பழைய செருப்புத் தோலை வெட்டிப் போடுவேன். பேரில்லாத பஸ் ஸ்டாப்புக்கு அதுவே பேரும் ஆனது.

கிணற்றடிக்குப் போனேன். நாலு காலும் முழங்கால் உயரத்தில் அறுபட்டு நின்றன. தொட்டேன். சுட்டது. வெயில் சூடா, அறுத்த சூடா, தெரியவில்லை.

மாடுகளைப் பார்த்துக்கொள்ள விட்டுப்போன தம்பி பொண்டாட்டி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"மாமா, கவர்மெண்டு ஆளுங்க வந்தாங்க."

"எந்த கவர்மெண்டு?"

"காக்கிச் சட்டை போட்டிருந்தாங்க. பழசை எடுத்துட்டுப் புதுசு வைக்கிறாங்களாம். லாரில ஏத்திட்டுப் போனாங்க."

"நீ என்ன சொன்னே?"

"வெயில்ல கஷ்டப்பட்டாங்க. மோர் குடுத்தேன்."

வீட்டுக்காரிக்கு அப்போதுதான் வாய் வந்தது. "மோர் மட்டுந்தானா? எலை போடலையா?"

அவள் முகம் மாறியது. "போட்டேன்க்கா. புளிசோறு."

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். "காத்தாடி காணோமா? புள்ளைங்க வெளையாடுறதா?" என்றார் ஏட்டு. கையை உயர்த்திக் காட்டினேன். போதவில்லை. எழுந்து கூரையைக் காட்டினேன். "இதுக்கும் மேலங்க." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பட்டப்பகல்ல அதை எப்படிய்யா தூக்குவான்?"

எனக்கும் அதுதான் புரியவில்லை.

அரியமங்கலத்தில் பழைய இரும்பு உடைக்கிற பட்டறை பட்டறையாகத் தேடினேன். ஓரிடத்தில் தண்ணீர் டிரம்முக்கு ஒரு இறக்கை மூடியாகக் கிடந்தது. வெகுநேரம் பார்த்தேன். நம்முடையதுதானா என்று சொல்ல முடியவில்லை. எல்லா இறக்கையும் ஒரே மாதிரிதான். வந்துவிட்டேன்.

இரண்டு மாடு இருக்கிறது. அதுகளுக்கு அந்தத் தொட்டித் தண்ணீர்தான். வாளியில் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கிணறு ஆழம். என் வலது தோள் சரியில்லை.

"உங்களால எறைக்க முடியாது. மணப்பாறை சந்தைல குடுத்துருவோம்" என்றாள் வீட்டுக்காரி.

"பாப்போம்" என்றேன். விற்கத்தான் வேண்டும் என்று எனக்கும் பட்டது.

அன்று சாயங்காலம் காற்று எழும்பியது. ஆடிக் காற்று. மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலையைத் தூக்கின. இரண்டும் தானாகவே நடந்து தொட்டிக்குப் போயின. காய்ந்த தொட்டிக்குள் மூக்கை வைத்துக்கொண்டு நின்றன. காற்று வந்தால் தண்ணீர் வரும். அதுகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கயிற்றை எடுத்தேன். இறைத்து இறைத்துத் தொட்டியில் ஊற்றினேன். குடித்தன.

சந்தைப் பேச்சை வீட்டுக்காரி அப்புறம் எடுக்கவில்லை. புதுக் காத்தாடி வரவில்லை. பஸ்ஸில் இன்னும் "காத்தாடி" என்றுதான் கத்துகிறார்கள். காற்று அடித்தால் மாடுகள் தொட்டிக்குப் போகின்றன. நானும் கயிற்றை எடுத்துக்கொண்டு போகிறேன்.