கட்டடத்தைப் பார்த்து நின்றவள்

காலை ஆறே முக்காலுக்கு அண்ணனின் அழைப்பு வந்தது. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

“உங்க அண்ணி உட்கார்ந்துட்டா,” என்றான்.

“எங்கே?”

“கடற்கரையில. பழைய துறைமுகக் கட்டடத்துக்கு முன்னால. எழுந்திரு, வெளிச்சம் போகுதுன்னு கத்தினேன். மறுபடியும் கத்தினேன். எழுந்திருக்கவே இல்ல.”

அவன் குரலில் அழுகை இல்லை. வாங்கிய சாமான் வேலை செய்யவில்லை என்று கடையில் புகார் சொல்பவனைப் போலப் பேசினான். பிறகு யாரோ அவனிடமிருந்து கைபேசியை வாங்கி, எந்த ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று சொன்னார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். கீழே சரியும்போதே உயிர் போயிருக்கும் என்றார். அண்ணன் நடைவழி பெஞ்சில் காமிராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அதன் சின்னத் திரையை என் பக்கம் திருப்பினான்.

“பாரு, இதுல நிக்கறா. அடுத்த படத்துல உட்கார்ந்துட்டா. நடுவுல ஒண்ணுமே இல்ல.”

பக்கத்தில் ட்ரைபாட் மூன்று கால்களையும் விரித்தபடி நின்றது. அதை மடக்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு நர்ஸ், அண்ணியின் சிவப்புச் சால்வையைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரிக்காமலே கதவுக் கொக்கியில் மாட்டினேன்.

அந்தச் சால்வையை முன்பின் தெரியாத எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். அவள் முகத்தைத்தான் பார்த்திருக்க மாட்டார்கள்.

அண்ணி ஒரு பெரிய ரெடிமேட் கடையின் பின்னறையில் ஆல்டரேஷன் வேலை பார்த்தாள். ஜன்னல் இல்லாத அறை. ஒரு தையல் மிஷின், ஓர் இஸ்திரி மேசை, பகலிலும் எரியும் குழல்விளக்கு. முன்பக்கம் விற்பனைக்காரர்கள், “உங்களுக்கே அளவெடுத்த மாதிரி இருக்கு சார்,” என்று புகழ்ந்து விற்ற சட்டைகள், கொஞ்ச நேரத்தில் கையும் காலரும் சரியில்லாமல் பின்பக்கம் வந்து சேரும். “பொய் முன்னால, தையல் பின்னால,” என்பாள்.

விடுமுறை வந்தால் அண்ணனோடு ஊர் ஊராகப் போவாள். அண்ணன் காலண்டர்களுக்கும் சுற்றுலாப் புத்தகங்களுக்கும் படம் எடுப்பவன். இடிந்த கோட்டை, பூட்டிக் கிடக்கும் கலங்கரை விளக்கம், கடலோரத்து மனிதர்கள், மேகம் திரண்ட வானம், இவைதான் அவன் பிழைப்பு. ஆள் நிற்காத கட்டடத்துக்கு உயரம் தெரியாது என்பது அவன் கட்சி. அதனால் எல்லாக் கட்டடங்களின் முன்னாலும் அண்ணி நின்றாள். சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, காமிராவுக்கு முதுகைக் காட்டி, படத்தில் கட்டைவிரல் நகத்தளவு. முகம் தெரிந்தால் பார்ப்பவர் கண் கட்டடத்தை விட்டுவிட்டு ஆளிடம் போய்விடுமாம்.

“நான் அவ்வளவு அழகுன்னு நேரா சொல்ல உங்க அண்ணனுக்கு வாய் வராது,” என்பாள் என்னிடம். அவனிடம், “உங்க படத்துக்கு நான் என்ன திருஷ்டிப் பொட்டா?” என்பாள். ஆனாலும் போய் நிற்பாள்.

வெறும் நீல வானம் அண்ணனுக்கு ஆகாது. மேகம் வர வேண்டும். வந்த மேகம் கட்டடத்துக்குப் பின்னால் அவன் மனம்போல ஒதுங்க வேண்டும். அதுவரை அவளும் அசையக் கூடாது. ஒரு முறை நானும் கூடப் போயிருந்தேன். தூரத்திலிருந்து இவன் கத்திக்கொண்டே இருந்தான்.

“முழங்கையை மடக்காதே! கையைத் தொங்கவிடு!”

“தொங்கவிட்டா காத்து சால்வையைத் தூக்கிட்டுப் போயிடும்!” திரும்பாமலே கத்தினாள்.

வேலை முடிந்து வந்தவளிடம், “கால் வலிக்கலையா அண்ணி?” என்று கேட்டேன்.

“உங்க அண்ணனுக்கு மேகம் வர்றதுக்குள்ள நான் ஒரு சட்டையே தைச்சு முடிச்சிடுவேன், நாத்தனாரே.”

மூவரும் சிரித்தோம்.

பின்னால் ஒரு கண்காட்சியில், கோட் போட்ட ஒருவர் அந்த மடங்கிய முழங்கைகளைப் பார்த்துவிட்டு, காலத்தின் முன் கைகூப்பி நிற்கும் பெண் என்று உருகிப் பேசினார். அதோடு அண்ணன் முழங்கையைப் பற்றிக் கத்துவதை நிறுத்திக்கொண்டான். அவனுக்குப் பரிசு வாங்கித் தந்தது ஒரு கடற்கரைப் படம். வலை பின்னும் பெரியவர் ஒருவர் கையை உயர்த்தியிருக்கிறார். எதிரே அண்ணியின் முதுகு. அவருக்குப் பின்னால் கடல். ‘அலைக்கு வணக்கம்’ என்று அதற்குப் பெயர் வைத்தான்.

அன்று மத்தியானம் ஃபிரேம் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். அண்ணனின் படங்களுக்கெல்லாம் அவர்தான் ஃபிரேம் போடுவார்.

“நாளைக்குக் காலையில அவங்க பக்கத்துல வைக்கணும். நல்ல படமா ஒண்ணு குடுங்கம்மா. சாயந்தரத்துக்குள்ள குடுத்தா போதும்.”

அப்போதுதான் உறைத்தது. படம் இல்லை.

கல்யாணத்தன்று அண்ணன் தன் காமிராவை ஒரு நண்பனிடம் கொடுத்திருந்தான். அந்த மகராசன் மாட்டிய ஃபிலிம் உள்ளே நகரவே இல்லை, ஒரு படமும் விழவில்லை. வீட்டு விசேஷங்களில் அண்ணன் படம் எடுக்க, அண்ணி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடை அடையாள அட்டையில் பல்வலியால் ஒரு கன்னம் பணியாரமாக வீங்கியிருந்தது. “போலீஸ் தேடற ஆளு,” என்று அவளே அதைக் காட்டிச் சிரிப்பாள். என் கைபேசியில் இருந்ததிலெல்லாம் முகத்துக்குக் குறுக்கே அவள் உள்ளங்கை. “போடி, நான் முதுகுக்காரி.”

“கடலுக்குள்ள நின்னுக்கிட்டு தண்ணி இல்லேங்கிறீங்களே,” என்றார் ஃபிரேம் கடைக்காரர். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி, “என் சட்டை ஒண்ணு அவங்ககிட்ட… சரி, விடுங்க. இப்ப கேக்கற விஷயமா அது,” என்றார். கை நீளத்தைக் குறைக்கக் கொடுத்திருந்தாராம். “‘உங்களுக்குக் கை நீளம் இல்லண்ணே, சட்டைக்குத்தான் நீளம்’னு கேலி பண்ணாங்க,” என்றவர், கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே அழுதார். அந்த வீட்டில் முதலில் அழுதது அவர்தான்.

அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கோட்டை, முதுகு. கலங்கரை விளக்கம், முதுகு. மீன் கூடைகளைச் சுற்றிச் சிரிக்கும் பெண்கள், அவர்களுக்கு எதிரே முதுகு. வருஷக்கணக்கான வானங்களும் அலைகளும் திரையில் ஓடின. எதிலும் அவள் திரும்பவில்லை.

“ஒரு தடவகூடவா நான் திரும்புன்னு சொல்லல?”

அடுத்த படத்தைத் திறந்தான். அதிலும் முதுகு.

“இத்தனை வருஷம் என்ன முகத்தோட நின்னிருப்பா? என்னைத் திட்டிக்கிட்டே நின்னாளா? அழுதாளா? உன்கிட்டயாவது ஏதாவது சொன்னாளா?”

“இல்லண்ணா.”

“அப்ப யாருக்குத் தெரியும்? அந்தக் கட்டடத்துக்குத்தான் தெரியும்.”

அதற்குமேல் அவனுக்கு நாளைய ஃபிரேம் நினைவில் இல்லை. அவள் முகத்தில் என்ன இருந்தது என்பது மட்டும்தான் வேண்டியிருந்தது. கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டிக் கிடந்தது. படங்களைப் பார்க்காமலே வேகமாகத் தள்ளிக்கொண்டு போனான். மவுஸை நான் வாங்கிக்கொண்டேன்.

‘கழிவு’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. எடுத்துவிட்டு, சரியில்லை என்று அவன் ஒதுக்கிய படங்கள். அதில் ஒரு பழைய தபால் நிலையம். தூறலில் தூரம் போகச் சோம்பி, அன்று கிட்டத்திலிருந்தே எடுத்திருந்தான். இருண்ட கண்ணாடிக் கதவில் அவனும் ட்ரைபாடும் தெரிந்தார்கள்.

“கண்ணாடியில நிழல் விழுந்துடுச்சு. அது வேண்டாம், தள்ளு,” என்றான்.

நான் தள்ளவில்லை. பெரிதாக்கினேன்.

கண்ணாடிக்குள் அண்ணி எங்களைப் பார்த்து நின்றாள். ஒரு கண்ணைச் சுருக்கி, நுனிநாக்கை வெளியே நீட்டி, மும்முரமாக ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். யாருடைய சட்டையோ அவள் மணிக்கட்டில் தொங்கியது.

அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். சுவர்வரை பின்னால் போய் நின்றுகொண்டான்.

“தைச்சுக்கிட்டிருக்கா,” என்றான். “அடிப்பாவி. தைச்சுக்கிட்டிருக்கா.”

பரிசு வாங்கிய படத்தை அவனே திறந்தான். பெரியவரின் உயர்ந்த கையைப் பெரிதாக்கினான். விரல்களுக்கு நடுவில் வலை பின்னும் ஊசி. அவர் அலையைப் பார்க்கவில்லை, காமிராவையும் பார்க்கவில்லை. அண்ணியின் கைகளைப் பார்த்து, என்னிடமும் ஒன்று இருக்கிறது என்று தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். மீன் கூடைப் படத்தில் ஒரு பெண், சிரித்தபடியே தன் கிழிந்த சட்டைத் தோளை அண்ணி பக்கம் நீட்டியிருந்தாள். எதிரே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பின்னால் நின்ற எங்களுக்குத்தான் தெரியவில்லை.

“எனக்காக நிக்கறான்னு நினைச்சேன்,” என்றான். “அவ பாட்டுக்கு அவ வேலையைப் பார்த்திருக்கா.” பிறகு, “நல்லவேளை,” என்றான். அப்போதுதான் அழ ஆரம்பித்தான்.

தபால் நிலையக் கண்ணாடியிலிருந்து வெட்டியெடுத்த முகத்தைக் கொடுத்தபோது ஃபிரேம் கடைக்காரர் தயங்கினார். “மழைத்துளி விழுந்திருக்கு. நாக்கு வேற தெரியுதேம்மா. நாலு பேரு பார்ப்பாங்களே, பரவாயில்லையா?”

“இருக்கட்டும்,” என்றான் அண்ணன்.

மறுநாள் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே தூக்கிவந்த ட்ரைபாட் வீட்டில் இன்னமும் விரித்தபடியே நின்றது. அதை மடக்கி வைத்தேன். பிறகு கொக்கியிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்துச் சால்வையைப் பிரித்தேன். உள்ளே ஓர் ஆண் சட்டை, வெள்ளையில் நீலக் கோடு போட்டது. இடது கையின் நீளம் குறைத்து மடித்துத் தைத்தாகிவிட்டது. வலது கையில் தையல் பாதி வட்டம் வந்திருக்கிறது. ஊசி துணியில் குத்தியபடியே இருக்கிறது. நூல் இன்னும் அறுக்கப்படவில்லை.