சிங்கப்பூருக்கு ஒரே ஒரு லென்ஸ்

அண்ணன் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே, என் அம்மாவின் எண்பதாவது பிறந்தநாள் படம் மாட்டியிருக்கிறது. பத்துக்கு எட்டு அங்குல ஃப்ரேம். நடுவில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் அண்ணன், அண்ணி, அவர்களுடைய மகள். இடது ஓரத்தில் ஒரு பெடஸ்டல் ஃபேன், தலை முதல் கால் வரை முழுதாக. வலது ஓரத்தில் அம்மாவின் தோள்மேல் நான்கு விரல்கள். அவை என் விரல்கள். மற்றபடி நான் படத்தில் இல்லை.

சென்னையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, ஆரணிக்கே திரும்பி வந்தவள் நான். படத்தைப் பத்திக்குள் அடக்குவது எனக்கு அன்றாட வேலையாக இருந்தது. இட அளவுக்காக வெட்டும்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் போகும். ஒரு பக்கத்தில் மின்விசிறியை விட்டுவைத்து, மறுபக்கத்தில் ஆளை எடுத்திருந்தால் அங்கே பிரச்சினை அளவு அல்ல.

"ஃப்ரேம் சைஸுக்கு அடங்கலம்மா. ஸ்டுடியோல அப்டி கட் பண்ணிட்டாங்க" என்றார் அண்ணி, நான் கேட்காமலே.

வீட்டு விசேஷங்களில் எப்போதும் நானே படம் எடுத்ததால், அம்மாவும் நானும் சேர்ந்திருந்த படம் அது ஒன்றுதான். அண்ணன் மகள் தன் போனை அலமாரியில் சாய்த்து, டைமர் வைத்து எடுத்தது. அந்தப் போன் பிறகு தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. அடுத்த ஆண்டு அம்மாவும் இல்லை. எனக்கு எஞ்சியது அந்த நான்கு விரல்கள். அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் டிவியைப் பார்ப்பதுபோல அதைப் பார்ப்பேன்.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகளின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வந்தது. அண்ணி என் வீட்டுக்கே வந்து அழைத்தார்.

"நீயும் வாம்மா. அங்க ஃபோட்டோக்கு ஆள் வெச்சா யானை வெல சொல்றானுங்களாம். நீ வந்துட்டன்னா எங்களுக்கு பேஜாரே இல்ல."

அன்று மாலை, அண்ணி கிளம்புவதற்குள் அண்ணன் மகள் வீடியோ காலில் பேசினாள். "அத்தை, எங்க ஹால் சுவரு காலியா கெடக்குது. பர்த்டே அன்னிக்கு நம்ம கேமராவுல எடுக்கற படத்துல ஒண்ணே ஒண்ண பெருசா பிரிண்ட் போட்டு மாட்டப்போறேன்."

அவள் முடிப்பதற்குள் அண்ணி குறுக்கிட்டார். "நானும் பேரனும் இருக்கற மாதிரி எடுத்துடும்மா. அதான் மாட்றதுக்கு நல்லாருக்கும்."

"சரி அண்ணி" என்றேன். அந்தச் சுவரில் அண்ணி இருக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். நான் இருக்க வேண்டும். யாரும் என்னை அகற்ற முடியாதபடி இருக்க வேண்டும்.

"ஹால் எவ்ளோ பெருசு?" என்று அண்ணன் மகளைக் கேட்டேன்.

"பன்னெண்டு அடி இருக்கும் அத்தை. சோஃபா போக பத்தடி. ஏன்?"

"லென்ஸ் பாக்கணும்."

என்னிடம் இருந்தது பழைய கேமரா. அதோடு வந்த சாதாரண ஜூம் லென்ஸ் ஒன்று உண்டு. அதுவே போதுமானது, விழாவுக்கு வரும் எட்டுப் பேரையும் பத்தடி ஹாலில் வரிசையாக நிறுத்தி எடுத்துவிடலாம். அதனால்தான் அது எனக்குப் பிடிக்கவில்லை. எட்டுப் பேர் நிற்கும் படத்தில் ஓரம் என்று ஒன்று உண்டு. ஓரத்தில் நிற்பவரை எந்த ஸ்டுடியோவிலும் வெட்டலாம்.

கோட்டை மைதானத்துப் பக்கம் ஒரு ஸ்டுடியோ. போளூர், சேத்துப்பட்டு வரை கல்யாணங்களுக்குப் போகிறவர் அதை நடத்துகிறார். பழைய லென்ஸ்களை விற்கவும் செய்வார். கண்ணாடி மேஜைமேல் துணி விரித்து இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ஐம்பது எம்.எம்., மற்றது எண்பத்தைந்து.

"எங்க எடுக்கப் போறீங்க மேடம்?"

"சிங்கப்பூர். ஒரு ஃப்ளாட் ஹாலுக்குள்ள."

"அப்ப இது ரெண்டுமே வாணாம். உங்ககிட்ட இருக்கறதையே எடுத்துனு போங்க. எல்லாரும் வருவாங்க."

"எண்பத்தஞ்சுல எத்தன பேர் வருவாங்க?"

சிரித்தார். "உங்க கேமராவுல போட்டு, வீட்டுக்குள்ள நின்னா? ரெண்டு பேரு. மூணாவது ஆளு பாதிதான் வருவாரு. நீங்க பின்னால போய்க்கினே இருந்தா சுவத்துல இடிச்சுப்பீங்க."

"கிட்டப் போனா?"

"ரெண்டு மூஞ்சி. அதுவும் கன்னத்தோட கன்னம் ஒட்டினு நின்னாத்தான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குரூப் ஃபோட்டோக்கு இன்னா பண்ணுவீங்க?" என்றார்.

"குரூப் வேணாம்."

"அதுவும் சரிதான். இப்பல்லாம் குரூப்புன்னா அவங்கவங்க போன்லயே எடுத்துக்கறாங்க."

அண்ணியை எல்லாப் படத்திலும் விட்டுவிடலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஸ்டுடியோக்காரர் சொன்னதும் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று புரிந்தது. எட்டுப் போன்கள் இருக்கும் வீட்டில் யாரையும் விட்டுவிட முடியாது. சுவரில் மாட்டும் அந்த ஒரு படம் மட்டுமே என் கையில் இருந்தது. எண்பத்தைந்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் டேப் பிடித்து பத்தடி அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. அது ஓடும்போது என் வீட்டுத் தரையும் மெல்ல அதிரும், எடுத்ததெல்லாம் லேசாக ஆடியிருந்தது. மதியம் தறியை நிறுத்தும்வரை காத்திருந்தேன். சோதித்துக்கொண்டிருந்தபோது அண்ணி வந்தார். சிங்கப்பூருக்குக் கொண்டுபோகும் முறுக்குக்கு என் வீட்டுப் பெரிய டப்பா வேண்டுமாம்.

"புது லென்ஸா? என்ன ஒண்ணு எடு பாப்போம்."

ஜன்னல் பக்கம் நிறுத்தி எடுத்தேன். அந்த லென்சுக்குப் பாரபட்சம் கிடையாது. பின்னால் இருந்த பீரோவும் காலண்டரும் கரைந்துபோய், அண்ணியின் முகம் மட்டும் பளிச்சென்று நின்றது. பத்து வயது குறைந்திருந்தது. அவர் கேமராவின் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏம்மா, நான் இவ்ளோ நல்லாவா இருக்கேன்? இந்த லென்ஸையே எடுத்துக்கோ. வேற எதுவும் வாணாம். மூட்டையாவும் இருக்காது."

"நீங்க சொன்னா சரி அண்ணி."

பழைய லென்ஸை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். யாராவது பின்னால் கேட்டால், அண்ணிதான் தேர்ந்தெடுத்தார் என்று உண்மையாகவே சொல்லலாம்.

சிங்கப்பூரில் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பே இறங்கிவிட்டோம். பிரசவத்துக்கு வந்து ஆறு மாதம் தங்கி, பிறகு தினமும் வீடியோ காலில் கொஞ்சிய அண்ணியைக் குழந்தைக்கு நன்றாகத் தெரியும். அவர் வாயால் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பான். என்னைப் பார்த்தால் உதடு பிதுங்கும். கேமராவைத் தூக்கினால் இன்னும் மோசம். அந்த ஐந்து நாளும் அவன் விழித்திருக்கும்போது நான் கேமராவைத் தொடவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் கீழே போவதும், பேருந்துகளைக் காட்டிவிட்டு மேலே வருவதுமாக இருந்தேன். நான்காம் நாள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"அத்தைகிட்ட நல்லா ஒட்டிக்கினானே" என்றார் அண்ணி. குரலில் கொஞ்சம் புளிப்பு இருந்தது.

கேக் வெட்டியதும் எல்லோரும் போனில் எடுத்தார்கள். நான் என் வேலையை ஒழுங்காகச் செய்தேன். அண்ணியையும் பேரனையும் பதினைந்து படமாவது எடுத்திருப்பேன். எல்லாவற்றிலும் அண்ணி அழகாக இருந்தார். எல்லாவற்றிலும் குழந்தை என் கையிலிருந்த கறுப்புக் குழாயைப் பார்த்து மிரண்டு முகத்தைத் திருப்பியிருந்தான். அப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். பத்திரிகைக்குப் படம் எடுப்பவர்கள் குழந்தையின் அம்மாவைத் தங்கள் தோளுக்குப் பின்னால்தான் நிற்க வைப்பார்கள்; தெரிந்த முகம் கேமராப் பக்கம் இருந்தால்தான் குழந்தை அங்கே பார்த்துச் சிரிக்கும்.

குழந்தையை வாங்கிக்கொண்டு கேமராவை அண்ணியிடம் நீட்டினேன்.

"நீங்க ஒண்ணு எடுங்க அண்ணி."

"எனக்கு இதெல்லாம் வராதும்மா."

"எல்லாம் செட் பண்ணிட்டேன். இந்த டைல்ஸ் மேல நின்னு பட்டன அமுக்குங்க. அவனக் கூப்புடுங்க, உங்களப் பாத்தாத்தான் சிரிப்பான்."

அண்ணிக்கு அது பெருமையாக இருந்தது. நான் குழந்தையின் கன்னத்தோடு என் கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டேன். தூரம் ஆறடி. எங்கள் இருவர் முகத்தைத் தவிர வேறெதுவும் அந்தச் சட்டத்துக்குள் வராது என்பதை முந்தின இரவு அவன் தூங்கியபிறகு சரிபார்த்திருந்தேன். அண்ணி வாயால் அந்தச் சத்தத்தைக் கொடுத்தார். குழந்தை நான்கு பல்லும் தெரியச் சிரித்தான். அவர் நாலைந்து முறை அமுக்கினார்.

மறுநாள் காலை அண்ணன் மகள் எல்லாப் படங்களையும் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தாள். பாட்டியும் பேரனும் இருந்தவற்றை வேகமாகத் தாண்டினாள். ஒரு படத்தில் கை நின்றது.

"இதான். இதான் சுவத்துக்கு. எப்டி சிரிக்கறான் பாருங்க!"

"அதுல நான் இல்லியே" என்றார் அண்ணி.

"நீங்கதானம்மா எடுத்தீங்க! சூப்பரா எடுத்துருக்கீங்க. வர்றவங்க கிட்டல்லாம் எங்கம்மா எடுத்த ஃபோட்டோன்னு சொல்வேன்."

அண்ணி திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு, "கொழந்த மட்டும் இருக்கற மாதிரி போடேன். அத்தைய விட்டுட்டு. அவனுக்குத்தானே பர்த்டே" என்றார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

அண்ணன் மகள் வெட்டும் கட்டத்தைத் திறந்து கோட்டை நகர்த்தினாள். இந்தப் பக்கம் வைத்தால் குழந்தையின் காது போயிற்று. அந்தப் பக்கம் வைத்தால் அவன் கன்னத்தில் என் கன்னம் தெரிந்தது. இன்னும் உள்ளே தள்ளினால் அவன் வாயின் ஓரம், அந்தச் சிரிப்பு, அறுந்தது.

"முடிலம்மா. கன்னமே போவுது."

நான் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொருவாட்டி பாரு" என்றார் அண்ணி. மகள் மறுபடியும் கோட்டை இழுத்தாள்.